சுகம் விசாரிக்க வந்தவை

2023 மார்ச் 11

கல்யாணச் சட்டைகள் கொடுக்க வேண்டிய நாள். விடிந்ததிலிருந்து தையல் மெசினை விட்டு எழும்பவில்லை. அதற்குள் இவர் விறாந்தையில் நின்று சேட்டுத் தெறியோடு மல்லுக்கட்டுகிறார். "கொண்டாங்கோ, பூட்டிவிடுறன்" என்றேன். "எனக்குக் கை இருக்கு" என்றார். இருக்கிறதுதான். சும்மா இருக்குதில்லையே, அதுதானே கரைச்சல்.

வலது கையில்தான் முதலில் தொடங்கியது. இப்போது தாடையும் நடுங்குகிறது. மருந்தடிக்கிற மெசினை முதுகில் கொளுவினால் மனிசன் ஒரு பக்கம் சரிகிறார். நீர்வேலியில் ஆருடைய வாழைத்தோட்டத்துக்குப் புல்மருந்து அடிக்க வேண்டுமென்றாலும் இவரை, குகதாசனைத்தான் கூப்பிடுவார்கள். இந்த மாசம் ஒருவரும் கூப்பிடவில்லை. சங்கக்கடையடியில் ஆரோ சொன்னார்களாம், "தாசன் இப்ப காலமையே கள்ளுக்குப் போறான் போல" என்று. திருவிழாத் தண்ணீர்ப்பந்தலில் இரண்டாம் தரம் மோர் வாங்கிக் குடிக்கவே கூச்சப்படுகிற மனிசன். அவரைப் போய்.

வந்த ஆத்திரத்தில் ஒரு சட்டையின் கையை மாறித் தைத்துப் பிரித்தேன்.

2023 மார்ச் 28

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நரம்பு டொக்டர் சின்ன வயதுப் பெண்பிள்ளை, முகத்தில் சிரிப்போடு "எப்பிடி ஐயா, சுகமோ?" என்று கேட்டா.

"ஓம் டொக்டர், சுகம்."

சுகமெண்டால் பிறகு என்ன கோதாரிக்கு விடிய வெள்ளன பஸ் ஏறி வந்தது? நான் சொல்லிவிட்டேன்: "அவர் அப்பிடித்தான் டொக்டர். வீடு பத்தி எரிஞ்சாலும் சுகமெண்டுதான் சொல்லுவார்." டொக்டர் சிரித்துவிட்டு இவரை நடக்கச் சொன்னா, விரலை மடக்கி நீட்டச் சொன்னா, கடதாசியில் வட்டம் கீறச் சொன்னா. பிறகு சிரிக்கவில்லை.

பாக்கின்சன் வருத்தமாம். என்ன தொழில் என்று கேட்டா. புல்மருந்து அடிக்கிறவர் என்றேன். எந்த மருந்து? பச்சைப் போத்தல். அதன் இங்கிலீசுப் பேர் எங்களுக்கு வாயில் நுழையாது, தோட்டக்காரர் எல்லாருக்கும் அது பச்சைப் போத்தல்தான். நான் கல்யாணம் கட்டி வந்த காலத்திலிருந்து அந்த நாற்றத்தோடுதான் இவருடைய உடுப்பைத் தோய்க்கிறேன். மெசின் ஒழுகி முதுகெல்லாம் நனைந்துதான் வீட்டுக்கு வருவார்.

"மருந்தடிக்கிற ஆக்கள் வேறையும் வருகினம் அம்மா" என்றா டொக்டர். எங்கேயிருந்து என்று கேட்டேன். உங்கடை பக்கத்திலை இருந்துதான் என்றா.

2023 ஏப்ரல் 3

என் பெயரை எழுதிக் காட்டச் சொன்னேன். கலா. இரண்டே எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி.

2023 ஏப்ரல் 20

வருசப் பிறப்புக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று மனிசன் முகம் வாடிக் கிடந்தார். இன்றைக்கு அந்தக் குறை தீர்ந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்ட பொடியன் ஒருவனும் வடிவான பெட்டைகள் இரண்டு பேரும். தோட்டக்காரரின் நலன் பார்க்கிற ஆட்களாம், மருந்தடிக்கிறவர்கள் வீடு வீடாகப் போகிறார்களாம். பிஸ்கட் பெட்டியும் கொண்டுவந்தார்கள். எந்த இடத்தால் வந்தது என்று நான் குசினிக்குள் இருந்து கேட்டது ஆருக்கும் கேட்கவில்லைப் போல.

இவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து வடிவாகக் கதைத்தார். கையைத் தொடைக்குக் கீழே வைத்து மறைத்துக்கொண்டு. போனபிறகு "எவ்வளவு மரியாதையான பிள்ளையள்" என்று இரண்டு தரம் சொன்னார். சந்தோசமாக நித்திரை கொள்கிறார். எனக்கும் அது போதும் என்றிருந்தது.

2023 ஜூன் 17

மார்க்கண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். அவரும் இவரும் ஒன்றாகத்தான் தோட்டம் தோட்டமாக மருந்தடித்தவர்கள். அவருடைய மனுசி சுவர்ணாக்கா, தலையிடி என்று சொல்லித்தான் கதவைத் திறந்தா. உள்ளே அண்ணை இருந்த இருப்பைப் பார்த்தேன். அதே முகம். இவருடைய முகம். சிரிக்க முயன்றும் சிரிப்பு வராத முகம்.

"எங்கடை ஆளையும் குடிகாரன் எண்டுதான் சொல்லுகினம் கலா" என்று சுவர்ணாக்கா அழுதா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம், பிறகு சேர்ந்து திட்டினோம். திட்டினது ஆறுதலாக இருந்தது.

இப்படியான வழக்குப் பார்க்கிறவ என்று டொக்டர் முந்தித் தந்த இலக்கத்துக்கு அங்கேயிருந்தே கோல் எடுத்தேன். ஜெனிற்றா என்று ஒரு சட்டத்தரணிப் பிள்ளை, குருநகர்.

2023 ஜூன் 24

ஜெனிற்றா வந்து போனா. பச்சைப் போத்தல் செய்கிற கொம்பனியின் சொந்த நாட்டில் இந்த மருந்தை விற்கிறதை எப்போதோ நிற்பாட்டிப்போட்டார்களாம். இங்கே மட்டும் விற்கிறார்கள். எங்களுக்கு மட்டும் வேறு நரம்போ?

"உங்களுக்கு என்ன வேணும் அன்ரி?" என்று கேட்டா. நட்டஈடு என்பேன் என்று நினைத்திருப்பா. நான் சொன்னது இதுதான்: அவையள் ஒருக்கா வாயைத் திறந்து சொல்லவேணும். இந்த மனிசன் குடிச்சு நடுங்கேல்லை, எங்கடை மருந்தாலைதான் நடுங்குறார் எண்டு. இவர் காது கேட்கச் சொல்லவேணும். ஊர் கேட்கச் சொல்லவேணும். இவருக்குக் கதைக்க ஏலாமல் போறதுக்கு முதல்.

இவர் பக்கத்தில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கடை பலன், அவையளைச் சொல்லி என்ன" என்றார். எனக்கு விசர் வந்தது.

2023 ஒக்ரோபர் 5

விசாரணை. ஜெனிற்றா கொடுத்த முறைப்பாட்டுக்காகக் கொழும்பிலிருந்து வந்த அரசாங்கக் குழு, நல்லூரில் ஒரு மண்டபத்தில் இருந்தது. மருந்தடித்து வருத்தம் வந்தவர்கள் புத்தூரிலிருந்தும் அச்சுவேலியிலிருந்தும் வந்திருந்தார்கள். ஆளுக்காள் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தால் கல்லும் கரையும். கொம்பனியின் வழக்கறிஞர் கரையவில்லை.

அவர் தேன் மாதிரித் தமிழ் கதைக்கிறார். கொம்பனிக்குத் தோட்டக்காரரில் எவ்வளவு அக்கறை என்று தொடங்கினார். அந்த அக்கறையால் வீடு வீடாகப் போய் நலன் ஆய்வு செய்ததாம். பதிவு இருக்கிறதாம். போட்டுக் காட்டினார்.

"சுகமா இருக்கிறியளோ?" — "ஓம், சுகம்."

"சுகமா இருக்கிறியளோ?" — "சுகம் பிள்ளை, நீங்கள்?"

வலிகாமம் முழுக்கச் சுகம். மார்க்கண்டு அண்ணையும் சுகம். பிறகு இவருடைய குரல். "ஓம், சுகம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்." சபையில் ஆரோ சிரித்தார்கள்.

மேசையில் கிடந்த அந்த வெள்ளைச் சேட்டுப் பொடியனின் போன். பிஸ்கட் பெட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தது. நான் குசினியில் நின்று அந்த நாசமாய்ப் போவாருக்கு ஏலக்காய் தட்டிப் போட்டேன். ஏலக்காய்!

வழிதெருவில் வருகிறவன் கேட்டால், கண்டவுடனே வருத்தத்தையோ சொல்லுறது? ஆர் சொல்லுவினம்? சுகமெண்டு சொல்லி, இருத்தி, குடிக்கக் குடுத்து, அதுக்குப் பிறகு மெல்லமா வரும் கதை. அதுக்குள்ளை போனை எடுத்துக்கொண்டு எழும்பிப் போட்டினம். அவையளுக்கு வேண்டினது அந்த முதல் சொல்லு மட்டும்தான்.

2023 ஒக்ரோபர் 6

சாப்பிடவில்லை. அவர் சாப்பிட்டார், நான் ஊட்டினேன்.

2023 நவம்பர் 12

வாசலில் ஒரு மோட்டச்சைக்கிள். சுப்யான் என்று பேர் சொன்னான். நாலு வருசத்துக்கு முதல் பச்சைப் போத்தல் விற்க எங்கள் ஒழுங்கைக்கு வந்த பொடியன்தான், ஆள் மெலிந்துபோயிருந்தான். கொம்பனியை விட்டு விலகிவிட்டானாம். உள்ளே வரக் கூச்சப்பட்டு முற்றத்தில் நின்றான். இருக்கச் சொன்னேன்.

"அக்கா, அந்தச் சுகம் விசாரிக்கிற யோசினை என்ரை" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். கொம்பனியின் கொழும்புக் கந்தோரில் ஒரு கூட்டமாம். வடக்கில் இருந்து முறைப்பாடு வருகிறது, என்ன செய்யலாம் என்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்களாம். "நான் பகிடியாத்தான் சொன்னனான் அக்கா. யாழ்ப்பாணத்திலை ஆளைக் கண்டவுடனை சுகமோ எண்டு கேட்டால், செத்துக்கொண்டு கிடக்கிறவனும் சுகமெண்டுதான் சொல்லுவான் எண்டு. எல்லாரும் சிரிச்சவை. ஒராள் மட்டும் சிரிக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லு எண்டார்."

மருந்து கூடாதென்று அவையளுக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"தெரியும். எங்களுக்குப் பழக்கேக்கையே சொன்னவை, போத்தலை நீங்கள் திறவாதைங்கோ, தோட்டக்காரனைக் கொண்டு திறப்பியுங்கோ எண்டு."

இவனுடைய வாப்பாவின் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றின நேரம் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, திரும்பி வந்து வேலை தேடி அலைந்த நேரம் கொம்பனிதான் கையைப் பிடித்ததாம். அதைச் சொல்லி நியாயம் கேட்கவில்லை, நான் கேட்டதால் சொன்னான். விசாரணையில் வந்து எல்லாத்தையும் சொல்லுவியோ தம்பி என்றேன். ஓம் என்றான்.

ஏச வேண்டும் என்று வாய் துடித்தது. அவனுக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இந்த வீட்டுத் தேத்தண்ணிக்கு வெட்கமே இல்லை.

2024 ஜனவரி 21

பேப்பரில் வந்துவிட்டது. முதற்பக்கம், சுப்யானின் படத்தோடு. போத்தலைத் தொடவேண்டாம் என்று சொன்னது, சுகம் விசாரித்த பகிடி, எல்லாம். சங்கக்கடைக்காரர் பச்சைப் போத்தல்களைத் தட்டிலிருந்து இறக்கிவைத்தாராம். வாசிகசாலையில் வாசித்துவிட்டு இரண்டு பேர் இவரைப் பார்க்க வந்தார்கள். கள்ளுக்கதை கட்டினவனும் வந்தான். வா என்று நான் சொல்லவில்லை, முகத்தை மட்டும் காட்டினேன்.

எனக்குள்ளே ஏதோ எழும்பி நிற்கிறது. எழும்பாதே என்று சொல்லிப் பார்க்கிறேன்.

2024 பெப்ரவரி 2

அடுத்த அமர்வில் இவரும் சாட்சி. ஜெனிற்றா வந்து பழக்குகிறா. எனக்கும் வேலை தந்துவிட்டுப் போனா. சமைக்கும்போது, குளிப்பாட்டும்போது, நினைத்துக்கொண்டவுடன் கேட்கவேண்டும்.

"சுகமோ?"

"சு... சுகமில்லை."

"சத்தமாச் சொல்லுங்கோ."

"சுகமில்லை." சொல்லிவிட்டுக் கோயிலில் பொய்ச்சத்தியம் பண்ணினவர் மாதிரி முழிக்கிறார். அம்மாவாணை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, முகத்தில் தெரியாவிட்டாலும் தோள் குலுங்கியது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

2024 பெப்ரவரி 20

எப்படி எழுதுவேன்.

காலையில் எல்லாம் சரியாகத்தான் போனது. சுப்யான் தடுமாறாமல் சொன்னான். கொம்பனியின் வழக்கறிஞர் இவன் தானாக விலகவில்லை, கொம்பனி வேலையால் நிற்பாட்டின ஆள், அந்த வன்மத்தில் சொல்கிறான் என்றார். அவன் அசையவில்லை. விசாரணைக் குழுவின் தலைவர் ஐயா எழுதிக்கொண்டே இருந்தார். ஜெனிற்றா என் கையைப் பிடித்து நசித்தா.

பிறகு இவரைக் கூப்பிட்டார்கள். அந்தக் கதிரைக்கு நடந்து போக எவ்வளவு நேரம் எடுத்தது. ஒரு கட்டத்தில் கால் நிலத்தோடு ஒட்டினது மாதிரி நின்றுவிட்டார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்குது. தலைவர் ஐயா வயதான மனிசன், நல்ல மனிசன். பார்த்துக்கொண்டிருக்க அவருக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்றே சொன்னார், "ஆறுதலா வாங்கோ ஐயா, ஆறுதலா. இருங்கோ. சுகமா இருக்கிறியளோ?"

அவ்வளவுதான். அது கேள்வியே இல்லை.

இவர் இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்க்கப் பாடுபட்டார். சேர்த்தும் விட்டார்.

"ஓம் ஐயா, சுகம். ஐயாவும் சுகமோ?"

தெளிவாக. பழக்கின நாள் முழுக்க வராத தெளிவு. கொம்பனியின் வழக்கறிஞர் எழும்பக்கூட இல்லை. "அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். பிறகு என்ன கேட்டும் இவருக்கு வாய் வரவில்லை, பதறிப்போனார். சுகமில்லை என்று உதடு அசைந்தது, சத்தம் இல்லை.

ஓட்டோவில் வரும்போது, "பிழைச்சுப்போச்சு, என்ன" என்றார்.

கழன்று கிடந்த சேட்டுத் தெறியை நான் பூட்டிவிட்டேன்.

"அவர் மரியாதையாக் கேட்டவர், கலா."

"மரியாதை. உங்கடை மரியாதையைக் கொண்டுபோய்ச் சுடலையிலை வையுங்கோ." சொல்லிப்போட்டன். ஓட்டோக்காரப் பொடியன் கண்ணாடியிலை பாத்தவன். பாக்கட்டும். ஆரைப் பேசுறது நான்? கேட்ட மனிசனிலை பிழை இல்லை. சொன்ன மனிசனிலை என்ன பிழை? பிழையே செய்யாத ஆக்களை வைச்சே கொம்பனி எங்களைக் கொன்றுபோட்டுது.

2024 மே 30

முடிவு வந்தது. போதிய ஆதாரம் இல்லை. பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவர்கள் தாங்கள் சுகம் என்று தாங்களே கூறியுள்ளார்கள். சுப்யானின் சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல. ஜெனிற்றா வாசித்துக் காட்டிவிட்டு மேல்முறையீடு என்று ஏதோ தொடங்கினா, என் முகத்தைப் பார்த்து நிற்பாட்டினா.

"குடி பற்றி ஏதும் சொல்லியிருக்கினமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"நடுக்கத்துக்கு மதுப்பாவனை உட்பட வேறு காரணங்கள் இருக்கலாம் எண்டு ஒரு வரி இருக்கு அன்ரி."

அந்த ஒரு வரி எப்படியோ ஊருக்குள் கேட்டுவிட்டது. பேப்பர் வந்த நாள் வீட்டுக்கு வந்தவன் இப்போது ஒழுங்கையில் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறான்.

2024 ஜூலை 14

மார்க்கண்டு அண்ணை காலமை போய்விட்டார். விழுந்ததுதான், பிறகு எழும்பவில்லை. இவரைச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. போய்வந்து சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

2024 செப்ரெம்பர் 8

கொடியில் உடுப்பு விரித்துக்கொண்டு நிற்க அந்த நாற்றம் வந்தது. அழுகின புகையிலையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. எனக்கு மாறுமோ? எத்தனை வருசம் தோய்த்த கை. வேலிக்கு அங்கால் தோட்டத்தில் புதுப் பொடியன் ஒருவன் மருந்தடிக்கிறான், சேட்டு முதுகு நனைந்திருக்கிறது. என்ன மருந்து தம்பி என்று கேட்டேன். தூக்கிக் காட்டினான். நீலப் போத்தல். பச்சைப் போத்தலை நிற்பாட்டிப்போட்டினம் அன்ரி, இது பாதுகாப்பானதாம் என்றான்.

கொம்பனியின் பேர் அதேதான். கீழே சின்னதாக.

அவனிடம் எல்லாத்தையும் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டுச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடிந்ததும் மிச்ச வரிசையை அடித்தான். அவனுக்கும் வீடு இருக்கு.

2024 டிசம்பர் 1

நீலப் போத்தலுக்கும் நலன் ஆய்வு. வேறு பிள்ளைகள், அதே வெள்ளைச் சேட்டு. சுவர்ணாக்காவின் வாசலில் நின்று சுகமோ என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா கதவைச் சாத்திவிட்டா. அடுத்த வீட்டில் பதில் சொல்லாமல் நாயை அவிழ்த்து விட்டார்களாம். எங்கள் ஒழுங்கையில் இப்போது தெரியாத ஆட்கள் கேட்டால் ஒருவரும் சுகமென்று சொல்வதில்லை. தெரிந்தவர்கள் கேட்டாலும் ஒரு கணம் யோசித்துத்தான் சொல்கிறோம். நாங்கள் கண்ட வெற்றி அதுதான்.

2025 ஜனவரி 14

பொங்கல். இவருக்கு இப்போது கதை அடியோடு இல்லை. விழுங்குவதும் கஷ்டம். சிலருக்கு இந்த வருத்தம் கெதியாக முற்றிப்போகும் என்று டொக்டர் முதலே சொன்னவதான். நான் நம்பவில்லை. பொங்கலை மசித்து உதட்டில் தடவினேன்.

இவர் எப்படிக் கதைப்பவர் என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லெல்லாம் ஞாபகம் இருக்கிறது, குரல் வரமாட்டேன் என்கிறது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. ஆர் எங்களைப் படம் பிடித்தது, பதிவு செய்தது?

2025 பெப்ரவரி 9

ஜெனிற்றாவிடம் கேட்டேன். கொம்பனி விசாரணையில் கொடுத்த பதிவின் பிரதி தன்னிடம் இருக்கிறது என்றா. ஏன் அன்ரி என்று கேட்டா. சும்மா என்றேன். இவருடைய துண்டை மட்டும் வெட்டிப் போனுக்கு அனுப்பியிருக்கிறா.

மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து போட்டேன்.

"சுகமா இருக்கிறியளோ ஐயா?"

"ஓம், சுகம். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

எவ்வளவு நல்ல குரல். மண்டபத்தில் கேட்ட அன்றைக்கு எனக்குக் காதுக்குள் நெருப்புக் கொட்டினது மாதிரி இருந்தது, குரலைக் கேட்கவே இல்லை. மண்டபத்தில் போடாத ஒன்றும் அதற்குப் பிறகு இருந்தது. தூரத்தில், குசினிக்குள் இருந்து, நான்: "சீனி எவ்வளவு போடுறதெண்டு கேளுங்கோ." அவர் கேட்கிறார். அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் திரும்பி என்னைக் கூப்பிடுகிறார். "கலா" என்று.

அவ்வளவோடு பதிவு முடிகிறது.

இவர் கண்ணை என்மேல் வைத்துக்கொண்டிருந்தார். விரல் போன் பக்கம் அசைந்தது. அது நடுக்கமா, கேட்கிறாரா என்று தெரியவில்லை. இன்னொரு தரம் போட்டேன்.